டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்: ரெடிமேடா, அசெம்பிளா?

பிள்ளை பிளஸ் ஒன் சேர்ந்தாலும் சரி, வீட்டு முன்னறையில் சின்னதாக ஒரு தொழில் தொடங்கினாலும் சரி, இந்தக் கேள்வி வந்துவிடும். “கம்பெனி கம்ப்யூட்டரே வாங்கிடலாம்” என்பார் ஒருவர். “அசெம்பிள் பண்ணினா பாதி விலைதான் அண்ணே” என்பான் பக்கத்து வீட்டுத் தம்பி. பாதி விலை என்பதெல்லாம் பழைய கதை. இன்று இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம், மெஷின் படுத்துவிட்டால் யார் வந்து பார்ப்பது என்பதுதான். கீழே உள்ள குறிப்புகளில் பாதி அதைச் சுற்றியே வரும்.

1. வழி இரண்டல்ல, மூன்று. அட்டைப்பெட்டியோடு வரும் கம்பெனி கம்ப்யூட்டர் ஒன்று. பாகங்களை நாம் சொல்ல, கடைக்காரரே மாட்டித் தருவது இரண்டாவது. பாகங்களை வாங்கிவந்து வீட்டில் நாமே மாட்டுவது மூன்றாவது. நம் ஊரில் ‘அசெம்பிள்டு’ என்றால் பெரும்பாலும் இரண்டாவதுதான். எல்லாப் பாகங்களையும் ஒரே கடையில் எடுத்தால் பல கடைகளில் மாட்டும் கூலி கேட்பதே இல்லை. ஆகவே மூன்றாவது வழியில் மிச்சமாகும் பணம் சொற்பம். ஆர்வமுள்ள பிள்ளை வீட்டில் இருந்தால், கோடை விடுமுறைக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது.

2. என்ன வேலைக்கு என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். ஆன்லைன் வகுப்பு, டைப்பிங், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், படம் பார்ப்பது இவ்வளவுதான் என்றால் தனி கிராபிக்ஸ் கார்டு தேவையே இல்லை. வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வரைபடம், பெரிய விளையாட்டுகள் என்றால்தான் அந்தச் செலவு. “எதற்கும் இருக்கட்டும்” என்று வாங்கிய கார்டு, தூசி தின்று மின்சாரம் குடிக்கும்.

3. வீட்டில் ஒருவரும் ஸ்க்ரூடிரைவரைத் தொடமாட்டார்கள், ஊரில் நம்பகமான சர்வீஸ் ஆளும் இல்லை என்றால் யோசிக்காமல் ரெடிமேட் வாங்குங்கள். பெரியவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கும், பில் போடும் கம்ப்யூட்டர் ஒரு நாள் நின்றால் வியாபாரம் நிற்கும் கடைக்கும் அதுவே சரி. வாங்கும்போது ‘ஆன்சைட்’ வாரன்டியா, சர்வீஸ் சென்டருக்கு நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்று கேளுங்கள். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். கொஞ்சம் கூடுதல் பணம் கட்டி வாரன்டியை மூன்று ஆண்டாக நீட்டிக்க முடிந்தால், கடைக்கும் அலுவலகத்துக்கும் நான் அதைச் செய்யச் சொல்வேன்.

4. அசெம்பிள் செய்வதில் உண்மையான லாபம் இரண்டு. பணத்தை நம் வேலைக்குத் தேவையான பாகத்தில் கொட்டலாம். நாலைந்து வருடம் கழித்து, முழு மெஷினையும் மாற்றாமல் ஒரு பாகத்தை மட்டும் மாற்றலாம். இந்த இரண்டுமே உங்களுக்குத் தேவைப்படாது என்றால் அசெம்பிள் செய்வதற்குக் காரணமே இல்லை.

5. வேறு வேறு கம்பெனிப் பாகங்கள் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகின்றன என்று பலர் தயங்குவார்கள். 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் பி.சி.யைக் கொண்டுவந்தபோது பெரும்பாலும் சந்தையில் கிடைத்த பாகங்களைக் கொண்டே அதைச் செய்தது. பிறகு மற்றவர்களும் அதேபோலச் செய்யத் தொடங்கினார்கள். 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். அளவுதான் இன்றும் அடிப்படை. முழு ஏ.டி.எக்ஸ். போர்டு 305 மி.மீ. × 244 மி.மீ.; மைக்ரோ ஏ.டி.எக்ஸ். 244 மி.மீ. சதுரம். திருகுத் துளையின் இடம் முதல் மின்சார இணைப்பு வரை எல்லாம் வகுக்கப்பட்டுவிட்டது. வீட்டுக்கு மைக்ரோ ஏ.டி.எக்ஸ். போதும். மைக்கேல் டெல் 1984-ல் டெக்சாஸில் பல்கலைக்கழக விடுதி அறையில் தொழில் தொடங்கியதும், கம்ப்யூட்டரைத் திறந்து பாகம் சேர்த்து விற்றுத்தான்.

6. ரெடிமேட் எல்லாம் இந்த அளவுக்குக் கட்டுப்படுவதில்லை. பெயர்பெற்ற கம்பெனிகளின் பல மாடல்களில் மதர்போர்டும், மின்சாரம் ஊட்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் அவர்களுக்கே உரிய வடிவத்தில் இருக்கும். வாரன்டி முடிந்தபின் எஸ்.எம்.பி.எஸ். போனால் கடையில் கிடைக்கும் சாதாரணமானதை மாட்ட முடியாது. ஒல்லியான பெட்டி என்றால் குட்டையான கிராபிக்ஸ் கார்டு மட்டும்தான் உள்ளே நுழையும். ஆகவே பணம் கட்டுமுன் நான்கு கேள்விகள்: ரேம் போட எத்தனை ஸ்லாட், அதில் எத்தனை காலி? இரண்டாவது எஸ்.எஸ்.டி. மாட்ட இடம் உண்டா? எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட்? நாமே திறந்து ரேம் சேர்த்தால் வாரன்டி போகுமா? கடைசிக் கேள்விக்கு வாய்மொழிப் பதில் போதாது, மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

7. விலையை ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் ஒரே சாமான்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ரெடிமேட் விலையில் விண்டோஸ், கீபோர்டு, மவுஸ் பெரும்பாலும் அடங்கிவிடும். மானிட்டர் சிலவற்றில் உண்டு, சிலவற்றில் இல்லை. அசெம்பிள் கொட்டேஷனில் விண்டோஸ் இருக்கவே இருக்காது. வைஃபை கூட எல்லா மதர்போர்டிலும் இல்லை, ப்ளூடூத்தும் அப்படித்தான். இவற்றையெல்லாம் சேர்த்துக் கூட்டினால் சாதாரண வீட்டு கம்ப்யூட்டரில் வித்தியாசம் சுருங்கிவிடும். விலை கூடிய கேமிங் மெஷினில்தான் அசெம்பிள் செய்வது நன்றாகக் கட்டுப்படியாகும்.

8. ரேம் விலையை வாங்கும் அன்றைக்குப் பாருங்கள். போன வருட விலையை நம்பாதீர்கள். செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதில் 2025 கடைசியில் ரேம் விலை மளமளவென்று ஏறியது. மைக்ரான் கம்பெனி, வீட்டு வாடிக்கையாளர்களுக்கான தன் குரூஷியல் வியாபாரத்திலிருந்து விலகுவதாக அந்த டிசம்பரிலேயே அறிவித்தது. இப்படிப்பட்ட காலத்தில், பழைய விலைக்கு ஸ்டாக் எடுத்து வைத்திருக்கும் ரெடிமேட் மெஷின் அசெம்பிளைவிட மலிவாக அமைவதும் உண்டு.

9. சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெருவும் அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவும் இருக்கின்றன. அண்ணா சாலைக்கு அருகில்தான். சிந்தாதிரிப்பேட்டை ரயில் நிலையத்திலிருந்தோ அரசினர் தோட்டம் மெட்ரோவிலிருந்தோ நடந்தே போகலாம். வண்டி எடுத்துப் போகாதீர்கள், நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். முதல் நாள் கொட்டேஷன் மட்டும் வாங்குங்கள். மூன்று கடை போதும். ஒவ்வொரு பாகத்துக்கும் முழு மாடல் பெயர் எழுதித் தரச் சொல்லுங்கள். ‘16 ஜி.பி. ரேம், 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி., 450 வாட் எஸ்.எம்.பி.எஸ்.’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது கொட்டேஷனே அல்ல. மறுநாள் போகும்போது “அது ஸ்டாக் இல்லை, இதுவும் அதே மாதிரிதான் சார்” என்று வேறொன்றை நீட்டினால், அதன் மாடலை அங்கேயே நின்று போனில் தேடிப் பாருங்கள். ஆன்லைன் விலையையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பல கடைகள் அதன் பக்கத்தில் வந்துவிடும்.

10. பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம். கம்ப்யூட்டர் பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதைக் கேட்டால் கை அரிக்கத்தான் செய்யும். ஆனால் அசெம்பிள்டு மெஷினில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி கம்பெனி வாரன்டி. பில்லும் அதில் சீரியல் எண்ணும் இல்லாவிட்டால் அத்தனையும் போச்சு. ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர், தொழிலுக்காக வாங்கினால் அந்த வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். ஆடிட்டரிடம் கேளுங்கள்.

11. ப்ராசஸர் சீல் வைத்த பெட்டியில் வந்தால் கம்பெனி வாரன்டி பெரும்பாலும் மூன்று ஆண்டு. ‘ட்ரே’ என்று பெட்டியில்லாமல் தருவார்கள். விலை குறையும், ஆனால் வாரன்டி கடைக்காரர் வாய்ச்சொல்தான், கூலரும் கூட வராது.

12. ப்ராசஸர் பெயரின் கடைசி எழுத்தில் விஷயம் இருக்கிறது. இன்டெலில் ‘எஃப்’ என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் தெரியாது. விலை குறைவாக இருக்கிறதே என்று அதை வாங்கிவந்து, மானிட்டர் கெட்டுவிட்டதாக நினைத்துக் கடைக்கு அலைபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஏ.எம்.டி.யில் ‘ஜி’ என்று முடிந்தால் ஓரளவு நல்ல கிராபிக்ஸ் உள்ளேயே உண்டு. தனி கார்டு வாங்காத வீட்டுக்கு அது பொருத்தம்.

13. மதர்போர்டு சாக்கெட்டும் ப்ராசஸரும் ஒத்துப்போக வேண்டும். இன்டெலின் 12, 13, 14-ம் தலைமுறை ப்ராசஸர்கள் எல்.ஜி.ஏ. 1700 சாக்கெட்டில் உட்காரும். ஆனால் 12-ம் தலைமுறைக் காலத்துப் பழைய போர்டில் 14-ஐ மாட்டினால், போர்டின் உள் மென்பொருளான பயாஸை அப்டேட் செய்யாமல் கிளம்பாமல் போகலாம். கடையிலேயே செய்து தரச் சொல்லுங்கள். ஏ.எம்.டி.யில் 2022-ல் வந்த ஏ.எம்.5 சாக்கெட்டுக்கு டி.டி.ஆர்.5 ரேம் மட்டும்தான். டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டிலும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது போகாது. அழுத்திப் பார்க்க வேண்டாம்.

14. 16 ஜி.பி. ரேம் வேண்டுமென்றால் ஒரே 16-ஐவிட இரண்டு 8 நல்லது. இரண்டு பாதையில் தரவு ஓடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் இது கண்ணுக்கே தெரியும். நான்கு ஸ்லாட் போர்டில் வழக்கமாக ப்ராசஸர் பக்கத்திலிருந்து இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்ட வேண்டும். மாட்டியபின் பயாஸுக்குள் போய் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்பதை ஆன் செய்யுங்கள். செய்யாவிட்டால் அதிக வேகம் என்று காசு கொடுத்து வாங்கிய ரேம் குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். கடையில் மாட்டித் தந்த மெஷினிலும் இதைச் சரிபாருங்கள், பலர் செய்வதில்லை.

15. பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸ் போடாதீர்கள். படங்களைச் சேமிக்க அது போதும். சாட்டா எஸ்.எஸ்.டி. நொடிக்கு சுமார் 550 எம்.பி. படிக்கும், என்.வி.எம்.இ. வகை 3,500-க்கும் மேலே போகும். எம்.2 என்ற ஒரே வடிவத்தில் இரண்டு வகையும் வருவதால், மதர்போர்டு எதை ஏற்கும் என்று பார்த்து வாங்குங்கள்.

16. எஸ்.எம்.பி.எஸ். பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அசெம்பிள்டு மெஷின்களின் கெட்ட பெயருக்குப் பாதிக் காரணம் இதுதான். கொட்டேஷனைக் குறைக்க வேண்டுமென்றால் கடைக்காரர் முதலில் கை வைப்பது இங்கே. கேபினெட்டோடு சேர்த்தே ஒன்று ‘ஃப்ரீ’யாக வந்துவிடும். 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றி எல்லாப் பாகங்களுக்கும் ஊட்டுவது அதுதான். அது மோசமானால் தனியாகப் போகாது, மதர்போர்டையும் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

மேலே ‘450 வாட்’ என்று கொட்டை எழுத்தில் இருப்பதைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது அந்த 12 வோல்ட்டைத்தான். அங்கே 18 ஆம்பியர் என்றிருந்தால் 12 × 18 = 216 வாட். 450 என்ற பெயருக்கு அதுதான் சாரம். நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 12 வோல்ட் கணக்கு, மொத்த வாட்டுக்கு மிக அருகில் வரும். 80 ப்ளஸ் முத்திரை உள்ளதை வாங்குங்கள்; ப்ரான்ஸ் போதும், கோல்டுக்கு ஆசைப்பட வேண்டியதில்லை. பட்ஜெட் இடித்தால் ப்ராசஸரில் ஒரு படி இறங்குங்கள், இதில் இறங்காதீர்கள்.

17. கேபிளைக் கழற்றி மாட்டும் மாடுலர் எஸ்.எம்.பி.எஸ். என்றால், ஒரு கம்பெனியின் கேபிளை இன்னொன்றில் மாட்டவே கூடாது. செருகு அழகாகப் பொருந்தும். உள்ளே கம்பி வரிசை வேறாக இருந்தால் டிஸ்க் கருகும்.

18. யு.பி.எஸ். மேல் எழுதியிருக்கும் 600 வி.ஏ. என்பது 600 வாட் அல்ல; பெரும்பாலும் 360 வாட்தான். வேலையைச் சேமித்து ஒழுங்காக மூடச் சில நிமிடம் கிடைக்கும், அவ்வளவே. லேசர் பிரின்டரை அதில் செருகாதீர்கள். கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று லேசாக அடிக்கிறதா? கம்ப்யூட்டரைத் திட்டாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வீட்டில் எர்த் சரியில்லை.

19. கேபினெட்டின் முன்பக்கம் கண்ணாடியாக இருந்தால் பார்க்க அழகு. சித்திரை வெயிலில் நம் ஊர் அறைக்கு, காற்று புகும் வலை வைத்த முகப்புதான் நல்லது. முன்னால் உள்ளிழுக்க ஒரு ஃபேன், பின்னால் வெளியேற்ற ஒன்று. கழற்றிக் கழுவும் தூசி வலை இருந்தால் இன்னும் நல்லது. சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், துணி போட்டு மூடினால் அணைத்தபின் மட்டும் மூடுங்கள்.

20. “விண்டோஸ் ஃப்ரீயாப் போட்டுத் தர்றோம்” என்றால் திருட்டு நகல் என்று பொருள். அதைக் கிளப்பக் கடையில் ஓட்டும் குறுக்குவழிச் செயலிகளில் என்ன ஒளிந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதே மெஷினில்தான் நாம் பேங்க் கணக்கைத் திறக்கிறோம். ஒன்று, காசு கொடுத்து லைசென்ஸ் வாங்குங்கள். இல்லையென்றால் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு போடுங்கள்; சட்டப்படியே இலவசம், தமிழ் 99 விசைப்பலகையும் அதில் கிடைக்கும். உங்கள் கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடுமா என்று முன்னதாகப் பார்த்துவிடுங்கள். ரெடிமேடில் விண்டோஸ் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். பின்னால் போர்டை மாற்றினால் அதுவும் போகும்.

21. நான்காவதாக ஒரு வழியும் உண்டு: அலுவலகங்கள் கழித்துவிட்ட கம்பெனி டெஸ்க்டாப்புகளைத் துடைத்து விற்கிறார்கள். படிக்கிற பிள்ளைக்கு இதைவிடச் சிக்கனம் இல்லை. ஆனால் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது இன்டெலில் 8-ம் தலைமுறை முதல், ஏ.எம்.டி.யில் ரைசன் 2000 வரிசை முதல். “ஐ7 சார்” என்பதில் மயங்காதீர்கள். 4-ம் தலைமுறை ஐ7-ஐவிட 8-ம் தலைமுறை ஐ3 உங்களுக்கு நல்லது.

22. பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கும்போது எச்சரிக்கை. எதிரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பரில் தன் முறையை மாற்றியதும், இரவு பகலாக நாணயம் தோண்டிய கார்டுகள் சந்தைக்குக் கூட்டமாக வந்தன. இன்னும் கை மாறிக்கொண்டிருக்கின்றன. உங்கள் கண்ணெதிரே அரைமணி நேரம் கனமான விளையாட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இன்டெலின் 13, 14-ம் தலைமுறை உயர்ரக ப்ராசஸர்களைப் பழையதாக வாங்குவதையும் நான் தவிர்ப்பேன். அவற்றில் வோல்டேஜ் தொல்லை இருந்ததால், 2024-ல் இன்டெல் மைக்ரோகோட் திருத்தம் வெளியிட்டு வாரன்டியையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. முன்னவர் பயாஸ் அப்டேட் செய்தாரா என்று எப்படித் தெரியும்?

23. நீங்களே மாட்டுவதானால்: ஒரு நல்ல ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், வெளிச்சமான மேசை, திருகு போட ஒரு கிண்ணம். கம்பளத்தின் மேல் உட்காராதீர்கள்; அவ்வப்போது கேபினெட்டின் வெறும் உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள். போர்டை மேனுவலோடு வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, ப்ராசஸர், கூலர், ஒரு ரேம், எஸ்.எம்.பி.எஸ். மட்டும் இணைத்து முதலில் உயிர் வருகிறதா என்று பாருங்கள், பிறகுதான் கேபினெட்டுக்குள். பின்பக்க உலோகத் தகடு தனியாக வந்தால் போர்டுக்கு முன் அதைப் பொருத்துங்கள். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக்கை உரிக்க வேண்டும். ப்ராசஸருக்கான 8 முனை மின் இணைப்பு போர்டின் மேல் மூலையில் ஒளிந்திருக்கும். பெரும்பாலும் மறந்துபோவது அதுதான்.

24. முதல் முறை ஆன் செய்ததும் திரை கறுப்பாகவே இருந்தால் பதற வேண்டாம். டி.டி.ஆர்.5 ரேமை போர்டு பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும். அதற்குள் பட்டனை அழுத்தி அணைத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதற்கும் வரவில்லையென்றால், மானிட்டர் கேபிளை கிராபிக்ஸ் கார்டில் செருகாமல் போர்டில் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

25. முதல் வாரம் மெஷினுக்கு ஓய்வு தராதீர்கள். மெம்டெஸ்ட்86 கொண்டு ஓர் இரவு முழுக்க ரேமைச் சோதியுங்கள்; கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் எஸ்.எஸ்.டி. உண்மையிலேயே புதியதா, எத்தனை மணி நேரம் ஓடியது என்று தெரியும். கோளாறான பாகத்தைக் கடைக்காரர் முகம் சுளிக்காமல் மாற்றித் தருவது இந்த வாரத்தில்தான். பிறகு கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும். பெட்டிகளை வாரன்டி முடியும்வரை பரணில் போட்டு வையுங்கள், பில்லைப் போட்டோ எடுத்துவிடுங்கள். கடைகளில் தரும் சில பில்களின் எழுத்து ஓர் ஆண்டுக்குள் வெளுத்துப்போகும்.

26. மின்கட்டணம். மானிட்டரோடு சேர்த்து 75 வாட் இழுக்கும் சாதாரண மெஷின், நாளுக்கு 6 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 27 யூனிட். விளையாடும்போது 350 வாட் இழுக்கும் மெஷின் அதே நேரத்துக்கு 126 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். உங்கள் வீடு இப்போதே 400-க்கு மேல் என்றால், கிராபிக்ஸ் கார்டு கேட்கும் மகனிடம் போன முறை ஈ.பி. பில்லையும் காட்டுங்கள்.